பழைய ஆங்கில அகராதிகளில் சொற்பொருள்

பழைய ஆங்கில அகராதிகளில் சொற்பொருள் என்னும் இக்கட்டுரை, முந்தைய நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்ட ஆங்கில அகராதிகள் சொற்களுக்குத் தந்த விளக்கங்களையும், அவை இன்றைய பொருளிலிருந்து வேறுபடும் விதத்தையும் விளக்குகிறது. அகராதி ஒரு சொல்லுக்குத் தரும் பொருள் என்றைக்கும் மாறாத ஒன்று அன்று. அந்த அகராதி தொகுக்கப்பட்ட காலத்தில், தொகுத்தவர் அறிந்த மக்களிடையே, அச்சொல் எப்படி வழங்கியது என்பதற்கான சான்றே அது. எனவே பழைய அகராதி ஒன்றில் பொருள் பார்ப்பவர், அப்பொருளோடு அதன் ஆண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை முதலிய தென் சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. இப்பகுதியின் பழைய நிலப் பத்திரங்கள், வருவாய்ப் பதிவேடுகள், சட்டங்கள் ஆகியவற்றில் பழைய ஆங்கிலப் பொருள்கள் இன்றும் உயிரோடு உள்ளன. இன்றைய கையடக்க அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தால் பொருள் பிழைபட வாய்ப்பு உண்டு.

ஆங்கில அகராதிகளின் வளர்ச்சி

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி, ராபர்ட் காட்ரி 1604-இல் வெளியிட்ட நூலாகும். அதில் ஏறத்தாழ 2,500 சொற்களே இருந்தன. லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து வந்த கடினச் சொற்களுக்கு மட்டுமே அது பொருள் கூறியது. எல்லோருக்கும் தெரிந்த சொல்லுக்குப் பொருள் எதற்கு என்பதே அக்காலத்து எண்ணம்.

நேதன் பெய்லி 1721-இல் வெளியிட்ட அகராதி எளிய சொற்களையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் நாய் போன்ற பழகிய விலங்குகளை, நன்கு தெரிந்த விலங்கு என்ற அளவில் சொல்லிவிட்டு நகர்ந்தது.

சாமுவேல் ஜான்சன் 1755-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்ட அகராதி இத்துறையில் ஒரு திருப்புமுனை ஆகும். அதில் ஏறத்தாழ 42,000 சொற்கள் இருந்தன. படியெடுக்கும் உதவியாளர்கள் ஆறு பேரை வைத்துக்கொண்டு ஜான்சன் அதனைத் தொகுத்தார். ஒரு சொல்லின் பல பொருள்களை எண்ணிட்டுப் பிரித்தார். ஒவ்வொரு பொருளுக்கும் நல்லாசிரியர் நூல்களிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்தார்.

அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1828-இல் ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டார். இங்கிலாந்தில் 1857-இல் திட்டமிடப்பட்ட ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884-இலும், கடைசிப் பகுதி 1928-இலும் வெளிவந்தன. ஒவ்வொரு சொல்லும் முதன்முதலில் எந்த ஆண்டில் எழுத்தில் காணப்பட்டது, பிறகு எப்படி மாறியது என்பதை ஆண்டுவாரியாகக் காட்டியது இதன் சிறப்பு. நூல்களைப் படித்து எடுத்துக்காட்டுகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பிய தன்னார்வலர்கள் பலர் இப்பணிக்கு உதவினர். வழக்கிழந்த பொருளையும் நீக்காமல், † என்னும் குறியிட்டு அது காட்டுகிறது.

ஜான்சனின் விளக்கங்கள்

பழைய விளக்கங்களின் தன்மையை அறிய ஜான்சனின் அகராதி நல்ல எடுத்துக்காட்டு ஆகும். அவருடைய விளக்கங்களில் நான்கு இயல்புகளைக் காணலாம்.

முதலாவது, தொகுத்தவரின் சொந்தக் கருத்து. ஓட்ஸ் என்னும் தானியத்தை, இங்கிலாந்தில் குதிரைகளுக்குக் கொடுப்பதும் ஸ்காட்லாந்தில் மக்கள் உண்பதும் என்று அவர் விளக்கினார். அகராதி தொகுப்பவரையே யாருக்கும் தீங்கு செய்யாத கூலியாள் போலக் காட்டித் தம்மையும் கேலி செய்துகொண்டார். கலால் வரியை வெறுக்கத்தக்கது என்று விளக்கியது வரித்துறையினரைச் சினம் கொள்ளச் செய்தது.

இரண்டாவது, எளிய சொல்லுக்குக் கடினமான விளக்கம். வலைப்பின்னலைக் குறிக்கும் 'நெட்வொர்க்' என்ற சொல்லுக்கு அவர் தந்த விளக்கம், அச்சொல்லை அறியாதவர் ஒருபோதும் அறிந்திருக்க முடியாத லத்தீன் வழிச் சொற்களால் ஆனது.

மூன்றாவது, பிழை. குதிரையின் குளம்புக்கு மேலுள்ள கணுப்பகுதியைக் குறிக்கும் சொல்லுக்கு அவர் குதிரையின் முழங்கால் என்று பொருள் எழுதிவிட்டார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒரு பெண்மணி கேட்டபோது, அறியாமையே காரணம் என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பேரகராதியிலும் பிழை இருக்கும் என்பதற்கு இது சான்று.

நான்காவது, காலத்தின் சாயல். 'பென்ஷன்' என்னும் சொல்லை இன்று கேட்டால், பணி ஓய்வுக்குப் பின் மாதந்தோறும் வரும் ஊதியமே எவருக்கும் நினைவுக்கு வரும். ஜான்சன் காலத்தில் அது பெரும்பாலும் அரசர் தம் விருப்பப்படி அளித்த உதவித்தொகை. அரசுக்கு அடிமை வேலை செய்வதற்கான கூலி என்ற தொனியில் அவர் அதற்கு விளக்கம் எழுதினார். பின்னர் 1762-இல் ஆண்டுக்கு 300 பவுன் அரசு உதவித்தொகை அவருக்கே அளிக்கப்பட்டது. அதனை ஏற்றுக்கொண்டபோது அவருடைய பழைய விளக்கத்தை எடுத்துக்காட்டிப் பலர் நகைத்தனர்.

பொருள் மாறும் வழிகள்

சொற்பொருள் மாறுவது எல்லா மொழிகளுக்கும் பொது. மொழிநூலார் இதனைப் பல வகையாகப் பிரிப்பர். தமிழ் எடுத்துக்காட்டுகளோடு வைத்துப் பார்த்தால் ஆங்கில மாற்றங்கள் எளிதில் விளங்கும்.

இழிபொருட்பேறு: உயர்ந்த பொருள் தாழ்வது. தமிழில் 'நாற்றம்' முன்பு நறுமணத்தைக் குறித்தது. இன்று கெட்ட வாடையைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் 'சில்லி' என்ற சொல் முதலில் பேறு பெற்றவர் என்ற பொருளில் வழங்கியது. பிறகு கள்ளமற்றவர், இரங்கத்தக்கவர் என்று மாறி, இன்று அறிவற்ற செயலைக் குறிக்கிறது.

உயர்பொருட்பேறு: தாழ்ந்த பொருள் உயர்வது. 'களிப்பு' கள்ளுண்டு மயங்குவதைக் குறித்து, பின் மகிழ்ச்சியைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் 'நைஸ்' என்ற சொல், அறியாதவன் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் மூடத்தனத்தைக் குறித்து, இடையில் நுணுக்கம் என்ற பொருளைப் பெற்று, இன்று இனிமையைக் குறிக்கிறது. பழைய நூலில் ஒரு வேறுபாட்டை 'நைஸ்' என்று எழுதியிருந்தால், அது நுட்பமான வேறுபாடு என்று பொருள்.

சிறப்புப்பொருட்பேறு: பொதுப்பொருள் சுருங்குவது. 'பொன்' முன்பு உலோகங்களுக்குப் பொதுப்பெயர். 'ஐம்பொன்' என்ற தொடரில் அப்பொருள் இன்றும் தங்கியுள்ளது. ஆங்கிலத்தில் இறைச்சியைக் குறிக்கும் 'மீட்' முன்பு எல்லா உணவையும் குறித்தது. மானைக் குறிக்கும் 'டீர்' முன்பு விலங்குகளுக்குப் பொதுப்பெயர்.

பொதுப்பொருட்பேறு: சிறப்புப்பொருள் விரிவது. எள்ளிலிருந்து எடுத்த நெய்யே 'எண்ணெய்'. இன்று தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் எண்ணெயே. ஆங்கிலத்தில் 'பேர்ட்' முன்பு பறவைக் குஞ்சை மட்டும் குறித்தது. இன்று எல்லாப் பறவைகளையும் குறிக்கிறது.

இவற்றோடு, புதிய பொருள் ஒன்று வந்து பழைய சொல்லில் குடியேறுவதும் உண்டு. 'கம்ப்யூட்டர்' இதற்குத் தக்க சான்று. கருவி தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இச்சொல் இருந்தது. அது கணக்கிடும் மனிதரைக் குறித்தது. இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவைப் பணியில் சேர்ந்த வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தர், 1831-இல் 'கம்ப்யூட்டர்' என்னும் பதவியிலேயே அமர்த்தப்பட்டார். அந்த அளவைப் பணிக்கு அடிப்படையாக அமைந்த கோடு தென் சென்னைப் புறநகரில்தான் அளக்கப்பட்டது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் தொலைவை அளந்தார். அப்பணியின் பழைய அறிக்கைகளில் 'கம்ப்யூட்டர்' என்று வருமிடமெல்லாம் ஒரு மனிதரையே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஹாப்சன்-ஜாப்சன்

இந்தியாவில் வழங்கிய ஆங்கிலத்துக்கெனத் தனியே தொகுக்கப்பட்ட பழைய அகராதிகளுள் புகழ்பெற்றது 'ஹாப்சன்-ஜாப்சன்' ஆகும். ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்த இந்நூல் 1886-இல் வெளிவந்தது. வில்லியம் குருக் திருத்திய இரண்டாம் பதிப்பு 1903-இல் வந்தது. பர்னெல் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். தஞ்சை அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தந்தவர். நூல் வெளிவருமுன்பே, 1882-இல், அவர் காலமானார். தென்னாட்டுச் சொற்களுக்கு இந்நூலில் நல்ல இடம் கிடைத்ததற்கு அவருடைய பங்களிப்பு ஒரு காரணம்.

நூலின் பெயரே சொல் திரிபுக்கு ஓர் எடுத்துக்காட்டு. முகர்ரம் ஊர்வலத்தில் ஹசன், ஹுசைன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி எழுப்பும் முழக்கம், ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று விழுந்தது.

தமிழ்நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சில சொற்களின் பழைய, புதிய பொருள்களை ஒப்பிடலாம்.

கட்டமரான்: தமிழின் 'கட்டுமரம்'. பழைய பொருள், மரங்களைச் சேர்த்துக் கட்டிய மீன்பிடி மிதவை. இன்றைய ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட படகு. இடையில் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகவும் வழங்கியது.

செரூட்: தமிழின் 'சுருட்டு'. இன்றும் ஏறத்தாழ அதே பொருள்.

மல்லிகடானி: 'மிளகுத்தண்ணீர்'. ரசம் போன்ற நீர்த்த பண்டமாக இருந்தது, ஆங்கிலேயர் சமையலில் இறைச்சி சேர்த்த கெட்டியான சூப் ஆயிற்று.

டிபன்: ஆங்கிலேயர் இந்தியாவில் வழங்கிய சொல். பழைய அகராதியில் அதன் பொருள் நண்பகல் சிற்றுணவு. இன்று தமிழ்நாட்டில் டிபன் என்றால் காலையிலோ மாலையிலோ உண்ணும் இட்லி, தோசை, பொங்கல் முதலியவை.

சோல்ட்ரி: 'சாவடி' என்ற சொல்லோடு தொடர்புடையது. வழிப்போக்கர் தங்கும் சத்திரம் என்பது ஒரு பொருள். பழைய சென்னையில் சிறு வழக்குகளை விசாரித்த சாவடி நீதிமன்றத்துக்கும் இச்சொல்லே வழங்கியது.

தென் சென்னைப் புறநகர் ஆவணங்களில் பழைய சொற்கள்

பழைய பொருளை அறியாமை நடைமுறையில் இடர் தருவது நிலம், நீர் பற்றிய ஆவணங்களில்தான்.

டேங்க்: இன்றைய மாணவர் இச்சொல்லுக்கு வீட்டு மாடியில் உள்ள நீர்த்தொட்டி அல்லது போர் ஊர்தி என்றே பொருள் கொள்வார். போர் ஊர்தி என்ற பொருள் முதலாம் உலகப் போரில் பிறந்தது. புதிய போர்க்கருவியை மறைவாக உருவாக்கியபோது, அது நீர்த்தொட்டி என்று பிறர் எண்ணும்படி இப்பெயர் இடப்பட்டது; 1916-இல் அது முதன்முதலில் போர்க்களம் சென்றது. இந்திய ஆங்கிலத்தில் இச்சொல் அதற்கும் பல நூற்றாண்டுகள் மூத்தது. இங்கே அதன் பொருள் ஏரி அல்லது குளம். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பல்லாவரம் போன்ற ஊர்களின் ஏரிகள் ஆங்கில ஆவணங்களில் 'டேங்க்' எனப்படுகின்றன. இது கடந்த காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ஏரிக்கு 'டேங்க்' என்ற சொல்லே உள்ளது.

பொரம்போக்: தமிழின் 'புறம்போக்கு'. வருவாய்த்துறை ஆங்கிலத்தில் அப்படியே எடுத்தாளப்பட்டது. தீர்வை விதிக்கப்படாமல், பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்பது பொருள். ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என இதில் பல வகை உண்டு. ஊருக்கே சொந்தமான நிலத்தைக் குறித்த இச்சொல், சென்னைப் பேச்சுவழக்கில் உதவாதவனைத் திட்டும் சொல்லாகிவிட்டது. பொருள் தாழ்ந்ததோடு, அத்தகைய நிலம் பயனற்றது என்ற எண்ணமும் பரவியது. உண்மையில் மழைநீர் தேங்கவும், மாடு மேயவும், இறந்தோரை அடக்கம் செய்யவும் ஊருக்கு இருந்தது அந்த நிலமே. பத்திரத்தில் இச்சொல்லைக் காண்பவர் வசைப்பொருளை மறந்து சட்டப்பொருளைக் கொள்ள வேண்டும். அந்நிலத்தைத் தனியார் விற்கவோ வாங்கவோ இயலாது என்பதே அதன் உட்பொருள்.

கிரவுண்டு: பொது ஆங்கில அகராதிகள் இச்சொல்லுக்குத் தரை, மைதானம், காரணம் என்று பொருள் தரும். சென்னைப் பகுதியில் இது ஒரு நில அளவு. 1 கிரவுண்டு 2,400 சதுர அடி. அதாவது ஏறத்தாழ 5½ சென்ட். தமிழில் 'மனை' எனப்படும்.

கானி: தமிழின் 'காணி'. சென்னை, செங்கல்பட்டுப் பகுதி வழக்கில் 24 கிரவுண்டு கொண்டது 1 காணி. அது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். காட்டாக, ஒரு பழைய ஆங்கிலப் பத்திரத்தில் 1 காணி 6 கிரவுண்டு என்று இருந்தால், 57,600-உடன் 14,400-ஐக் கூட்ட வேண்டும். மொத்தம் 72,000 சதுர அடி, ஏறத்தாழ 1.65 ஏக்கர். தமிழ் எண் வாய்பாட்டில் 'காணி' 80-இல் ஒரு பங்கையும் குறிக்கும். ஆகவே இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும்.

ஜாகீர்: பாரசீக வழிச் சொல். ஒருவருக்கு வருவாய் உரிமையோடு வழங்கப்பட்ட நிலப்பகுதி என்பது பொதுப்பொருள். ஆனால் 18-ஆம் நூற்றாண்டுச் சென்னை ஆவணங்களில் அடைமொழி ஏதுமின்றி இச்சொல் வந்தால், ஆர்க்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1763-இல் வழங்கிய செங்கல்பட்டுப் பகுதியையே பெரும்பாலும் குறிக்கும். தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களின் பழைய வரலாற்றைத் தேடுபவர் இந்தச் சொல்லைத் தெரிந்திருக்க வேண்டும்.

மலபார்: இன்று கேரளத்தின் வடபகுதி. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் தமிழ் மொழியையே இப்பெயரால் குறித்தனர். வேப்பேரியில் ஃபப்ரீசியஸ் 1779-இல் அச்சிட்ட தமிழ்–ஆங்கில அகராதியின் பெயரிலும் தமிழுக்கு 'மலபார்' என்ற சொல்லே உள்ளது. இதனை அறியாதவர் அந்நூலை மலையாள அகராதி என்று தள்ளிவிடக்கூடும்.

மனிதரைக் குறித்த சொற்கள்

பழைய அகராதியின் விளக்கம் சில இடங்களில் மனிதரைக் காயப்படுத்துவதாகவும் அமைந்துள்ளது. 'பரையா' என்ற ஆங்கிலச் சொல் இதற்கு எடுத்துக்காட்டு. தமிழகத்தின் பறையர் சமூகப் பெயரிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில நூல்களில் நுழைந்த இச்சொல், 19-ஆம் நூற்றாண்டில் சமுதாயத்தால் ஒதுக்கி வைக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக மாற்றப்பட்டது. தெருநாய்க்கும்கூட அச்சொல் அடைமொழியாக வைக்கப்பட்டது. உழைத்து வாழும் ஒரு பெரிய சமூகத்தின் பெயர், உலகின் மறுகோடியில் இழிசொல்லாகப் பயன்பட்டது.

சாதியற்றவர் என்னும் பொருளில் ஐரோப்பியர் இச்சொல்லை ஆள்வது தவறு என்பதை 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886-இலேயே சுட்டிக்காட்டியது. ஆயினும் தவறான பொருளே நிலைத்தது. ஓர் அகராதி சரியாக எழுதிவிட்டால் மட்டும் வழக்கு திருந்திவிடுவதில்லை.

அச்சமூகத்தின் தலைவர்கள் இதனை வெவ்வேறு வழிகளில் எதிர்கொண்டனர். செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து தாமே சூடிக்கொள்வது அவர் வழி. பரங்கிமலையில் பிறந்து பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எம். சி. ராஜாவின் வழி வேறு. அவர் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தபோது, 1922-இல், அரசு ஆவணங்களில் அச்சமூகப் பெயருக்கும் 'பஞ்சமர்' என்ற பெயருக்கும் மாற்றாக 'ஆதி திராவிடர்', 'ஆதி ஆந்திரர்' என்னும் பெயர்களை வழங்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இருவர் வழியும் ஓர் உண்மையையே காட்டுகின்றன. சொல்லுக்கு அகராதி தரும் பொருளை, அச்சொல்லால் அழைக்கப்படுவோர் ஏற்றே தீர வேண்டும் என்பதில்லை.

பழைய அகராதிகளில் பெண்கள், உடற்குறை உள்ளோர், மனநோயாளர், பழங்குடியினர் ஆகியோரைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய விளக்கங்கள் மிகுதி. அவற்றை வரலாற்றுச் சான்றாகப் படிக்கலாம். இன்றைய எழுத்தில் அப்படியே எடுத்தாளக் கூடாது.

தமிழ்ப் பொருளும் பழமை அடைதல்

ஆங்கில–தமிழ் அகராதிகளில் இரண்டு பக்கங்களிலும் காலம் ஓடுகிறது. ஆங்கிலச் சொல்லின் பொருள் மாறுவதைப் போலவே, அதற்குத் தரப்பட்ட தமிழ்ச் சொல்லும் வழக்கிழக்கிறது.

பழைய அகராதிகளில் பல்கலைக்கழகம் 'சர்வகலாசாலை' ஆகவும், தலைவர் 'அக்கிராசனர்' ஆகவும், வேட்பாளர் 'அபேட்சகர்' ஆகவும், ஆசிரியர் 'உபாத்தியாயர்' ஆகவும் இருப்பதைக் காணலாம். 20-ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ் உணர்வு வளர்ந்தபோது இச்சொற்கள் பெரும்பாலும் மாறின. ஆகவே பழைய அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் பார்க்கும் மாணவர், அங்குள்ள தமிழ்ச் சொல்லுக்கே மீண்டும் பொருள் தேட நேரிடும்.

வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862-இல் சென்னையில் வெளிவந்தது. 67,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், அதன் பிற்சேர்க்கை 1939-இலும் வெளிவந்தன. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அதே பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கில–தமிழ் அகராதி 1960-களில் வந்தது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரு தலைமுறை முழுவதும் பயன்படுத்திய லிப்கோ அகராதியும் இவ்வரிசையில் நினைக்கத்தக்கது. இவை ஒவ்வொன்றும் அதனதன் காலத் தமிழைக் காட்டும் சான்றுகள் ஆகும்.

இன்றைய அகராதிகளின் முறை

20-ஆம் நூற்றாண்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவருக்கென அகராதிகள் தோன்றின. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், 1935-இல் வெளியிட்ட அகராதியில் ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 எளிய சொற்களை மட்டுமே பயன்படுத்திப் பொருள் எழுதினார். கடினமான விளக்கம் என்ற பழைய குறை இதனால் நீங்கியது. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானிய மாணவர்களுக்காகத் தொகுத்து 1942-இல் வெளிவந்த அகராதி, பிறகு ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியாக உலகெங்கும் பரவியது. 1987-இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, கணினியில் திரட்டிய ஆங்கில எழுத்து, பேச்சுத் தொகுப்பை ஆராய்ந்து, முழு வாக்கியங்களாகப் பொருள் எழுதியது.

எளிமை இவற்றின் வலிமை. ஆனால் இவை இன்றைய வழக்கை மட்டுமே காட்டுவதால், பழைய நூலையோ பத்திரத்தையோ படிக்க இவை போதா. மாணவர் அகராதியும் வரலாற்று அகராதியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. வெவ்வேறு வேலைக்கான கருவிகள்.

பழைய அகராதியைப் பயன்படுத்தும் முறை

1. முதலில் தலைப்புப் பக்கத்தில் ஆண்டைப் பார்க்க வேண்டும். மறுபதிப்பு ஆண்டும் முதற்பதிப்பு ஆண்டும் வேறாக இருக்கலாம். 1990-இல் அச்சான பிரதியில் 1862-ஆம் ஆண்டின் பொருள் இருக்கக்கூடும்.

2. யார், யாருக்காகத் தொகுத்தார் என்பதை முன்னுரையில் அறியலாம். சமயப் பணியாளர், நீதிபதி, பள்ளி ஆசிரியர் ஆகியோரின் தேவைகள் வேறு வேறு.

3. படிக்கும் நூல் அல்லது பத்திரத்தின் ஆண்டுக்கு நெருங்கிய காலத்து அகராதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. † குறியும், வழக்கிழந்தது, பழவழக்கு, வட்டார வழக்கு ஆகியவற்றைக் காட்டும் சுருக்கக் குறியீடுகளும் பொருளின் பகுதியே. அவற்றைத் தாண்டிச் செல்லக் கூடாது.

5. வரலாற்று அகராதிகளில் பழமையான பொருளே முதலில் இருக்கும். மாணவர் அகராதிகளில் மிகுதியாக வழங்கும் பொருள் முதலில் இருக்கும். முதல் பொருளை மட்டும் பார்த்து முடிவு செய்வது இரண்டிலும் பிழைக்கு வழி.

6. 18-ஆம் நூற்றாண்டு அச்சில் 'எஸ்' எழுத்தின் நீண்ட வடிவம் 'எஃப்' போலத் தோன்றும். மேலும் 'ஐ'யும் 'ஜே'யும் ஒரே எழுத்தாகவும், 'யு'வும் 'வி'யும் ஒரே எழுத்தாகவும் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். சொல் இல்லை என்று முடிவு செய்யுமுன் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

7. கிடைத்த பொருளை மூல வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அடுத்த பொருளைத் தேட வேண்டும்.

8. நிலம், வழக்கு, வாரிசு உரிமை தொடர்பான ஆவணங்களில் அகராதியோடு நின்றுவிடாமல், வருவாய்த்துறைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, சட்டம் அறிந்தவரிடமும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஹாப்சன்-ஜாப்சன், ஃபப்ரீசியஸ் அகராதி, வின்சுலோ அகராதி, தமிழ்ப் பேரகராதி ஆகியவை சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம அகராதிகள் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

பொருள் மாற்றம் இன்றும் தொடர்கிறது. தமிழரின் 'ஐயோ' 2016-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. இன்று அச்சிடப்படும் விளக்கங்களும் ஒருநாள் பழைய விளக்கங்கள் ஆகும். நூறாண்டு கழித்து அவற்றைப் படிப்பவரும் முதலில் பார்க்க வேண்டியது, தலைப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டையே.